பாட்டு போடும் ஏஐ: ஒன்றரை வருடமாகியும் ‘வழி’ வரவில்லை

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்குப் புதுப் பாட்டு வேண்டும், ஏஐ சந்தா கட்டலாமா என்று பக்கத்துச் சபையின் கொயர் மாஸ்டர் கேட்டிருக்கிறார். எங்கள் பாடகர் குழுவின் சந்தாவும் இந்த மாதத்தோடு முடிகிறது. எனவே ஒன்றரை வருடம் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதிவிடுகிறேன். வரிகளையும் பாணியையும் எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடப் பாட்டாகத் திருப்பித் தரும் என்பது தெரிந்த விஷயம், அதை விட்டுவிடலாம்.

முதல் பிரச்சினை ழகரம். அதுவேதான் கடைசிப் பிரச்சினையும். ‘நானே வழியும் சத்தியமும்’ என்கிற யோவான் 14:6-ஐ மனதில் வைத்து எழுதிய பல்லவி இது: “வழி தேடி வந்தேன், வாசல் திறந்தீர்.” பத்துத் தடவை ஓட்டினாலும் பெரும்பாலும் வருவது “வலி தேடி வந்தேன்” என்றுதான். ளகரமும் அப்படித்தான், ‘தோளில் சுமந்தீர்’ என்று எழுதினால் ‘தோலில் சுமந்தீர்’ என்று பாடும். காணாமற்போன ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மேய்ப்பனின் காட்சி அந்த ஒரு எழுத்தில் போய்விடுகிறது. இவையாவது காதில் உறுத்தும். ‘என் பழி சுமந்தீர்’ என்பது ‘என் பலி சுமந்தீர்’ ஆனால் யாருக்கும் உறுத்தாது, ஏதோ அர்த்தம் இருப்பது போலவே கேட்கும். பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

மாற்று வழிகளை எல்லாம் செய்து பார்த்தாயிற்று. வரியை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ழ-வுக்குப் போடும் zh ‘வஸி’ என்று சீறலாக வருகிறது. மலையாள எழுத்தில் கொடுத்தால் கொஞ்சம் தேவலை. அதில் ழ இருக்கிறது, க, த, ப ஒவ்வொன்றுக்கும் வல்லொலி, மெல்லொலி தனித்தனி எழுத்தும் இருக்கிறது. தமிழில் ‘தேவன்’, ‘தாய்’ இரண்டுக்கும் ஒரே த-தான், எதை எப்படி ஒலிப்பது என்று கருவிக்குத் தெரியாமல் இரண்டையும் அழுத்திவிடும். மலையாள எழுத்தில் அந்தக் குழப்பம் குறையும், ஆனால் பாட்டு முழுக்க மலையாள வாடை ஒட்டிக்கொள்ளும். ‘வழி’யை எடுத்துவிட்டுப் ‘பாதை’ என்று போடலாமே என்றால், பாட்டு பிழைக்கும், வசனம் போய்விடும். ஒரு கருவியின் நாக்குக்கு வசதியாக வேத வார்த்தையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது.

அடுத்தது குறில் நெடில். ‘கிருபை’யில் உள்ள ‘கி’ ஒரு மாத்திரை. மெட்டின் நீளமான சுரம் அங்கே விழுந்தால் ‘கீருபை’ என்று இழுக்கும். ‘பாதம்’ குறுகிப் ‘பதம்’ ஆகும். மனிதர் மெட்டுப் போடும்போது நெடிலைப் பார்த்துச் சுரத்தை நீட்டுவார். இது மெட்டை முதலில் நினைத்துக்கொண்டு எழுத்தை அதற்குள் திணிப்பது போலவே நடந்துகொள்கிறது. இதற்கு மட்டும் உருப்படியான வைத்தியம் உண்டு: மாத்திரையை எண்ணி எழுதுங்கள். குறில் 1, நெடில் 2, மெய் அரை. ‘வழி தேடி வந்தேன்’ 9 மாத்திரை, ‘வாசல் திறந்தீர்’ எட்டரை. இப்படி அடுத்தடுத்த அடிகள் அரை, ஒரு மாத்திரைக்குள் ஒத்து வந்து, கடைசி அசையும் ‘தேன்’, ‘தீர்’ போல நெடிலாக இருந்தால் இழுவை சரியான இடத்தில் விழும். ஒரு அடி 9, அடுத்தது 13 என்றால் நிச்சயம் கெடும். சரணத்துக்கு நான்கு அடிக்கு மேல் வேண்டாம்.

வரிகளையும் அதையே எழுதச் சொல்லாதீர்கள். ஒளியே, அன்பே, வாழ்வே என்று எந்தப் பண்டிகைக்கும் பொருந்துகிற வரிகளாகக் கொட்டும். அதைவிட மோசம், மொழிபெயர்ப்புகளைக் கலப்பது. நம் பழைய மொழிபெயர்ப்பில் 23-ஆம் சங்கீதம் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று தொடங்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” இரண்டும் அழகு. இது தருவதோ “கர்த்தர் என் ஆயர், எனக்குத் தாழ்ச்சியில்லை.” அது எந்தச் சபையின் வேதாகமத்திலும் இல்லாத வசனம். பரிசுத்த ஆவி என்று ஒரு சரணத்திலும் தூய ஆவி என்று அடுத்த சரணத்திலும் வரும். ஒவ்வொரு சொல்லையும் வேதாகமத்தைத் திறந்துவைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தால், நாமே எழுதிவிடுவது சீக்கிரம் முடியும்.

கீர்த்தனை பாணி கேட்டால் புல்லாங்குழலும் தபலாவும் போட்டுச் சினிமா மெட்டு தரும். மோகனம் என்று ராகத்தின் பெயர் சொன்னாலும் ம-வும் நி-யும் நுழைந்துவிடும். மோகனத்தில் ஸ ரி க ப த மட்டுமே. சி ஸ்கேலில் எஃப் கார்டு விழுந்த உடனே ம வரும், ஜி கார்டு விழுந்தால் நி வரும். கார்டு இல்லாமல் இதற்கு யோசிக்கத் தெரியாது. மிஸ்ர சாபு தாளம் கேட்டால் அதன் ஏழு எண்ணிக்கையை எட்டாக்கிவிடும். ரூபகத் தாளம் மட்டும் ‘த்ரீ ஃபோர்’ என்று கேட்டால் ஓரளவு வரும், மேற்கத்திய மெட்டுள்ள பாமாலைகளில் அந்த நடை பழகியதுதான்.

இவ்வளவு குறையையும் தாண்டி ஒன்றரை வருடம் வைத்திருந்ததற்கு ஒரே காரணம் உண்டு. கருவியின் குரலைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் முறை. வந்த பாட்டை டெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு ட்ராக்காகப் பிரித்துத் தரும். குரலை நீக்கினால் மைனஸ் ட்ராக் தயார். நீக்கிய குரல் ட்ராக்கைத் தனியே ஓட்டினால் பின்னணியில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) வரி தெளிவாகக் கேட்கும். நோட்டேஷன் படிக்கத் தெரியாத பெண்கள் அதைக் கேட்டு ஒரே பயிற்சியில் ஹார்மனி பிடித்துவிடுகிறார்கள். முன்பு கீபோர்டில் வரிவரியாக வாசித்துக் காட்டி மூன்று சனிக்கிழமை ஆகும் வேலை அது. கீபோர்டு வாசிக்க ஆள் இல்லாத கிராமச் சபைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தவர்கள் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் அப்படியே மேடையேற்ற முடியாது. சபை முழுக்கச் சேர்ந்து பாட, கீழ் ஏ சுரம் முதல் மேல் டி வரைதான் இடம். கருவி சரணத்தைக் கீழ் ஏ-யில் தொடங்கிப் பல்லவியை மேல் ஜி வரை கொண்டுபோகும். ஐந்து அரைச்சுரம் இறக்கினால் பல்லவி சரியாகும், சரணம் பாதாளத்துக்குப் போய்ப் பெண்கள் நின்றுவிடுவார்கள். ஆகவே இறக்கிய பிறகு சரணத்தின் மெட்டை ஒருவர் உட்கார்ந்து மாற்றித்தான் ஆக வேண்டும். இறக்குவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளின் ‘சேஞ்ச் பிட்ச்’ போதும், வேகம் மாறாது. டிரம்ஸ் ட்ராக்கை மட்டும் இறக்காதீர்கள், தொளதொளவென்று ஆகிவிடும். அதற்கு ஸ்கேல் கிடையாதே, அப்படியே விடலாம். வேகமும் ஒரே சீராக ஓடாது. கிளிக் (வேகம் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) கேட்டு வாசிக்கும் டிரம்மர் இருந்தால் நடுவில் விலகும், அவர் ட்ராக்கைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். ஜால்ராச் சத்தத்தில் ஒரு மினுமினுப்பு இரைச்சல் இருக்கும். ஹார்ன் ஸ்பீக்கரில் தெரியாது, புது ஸ்பீக்கர் செட்டில் காதைக் குத்தும். மிக்ஸரில் ஹை-யைக் கொஞ்சம் குறையுங்கள்.

உரிமை விஷயம் சுருக்கமாக. உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதை நம் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. ஆராதனையில் பாடிய அதே பாட்டை யூடியூபில் ஏற்றுவதற்கு அந்தப் பாதுகாப்பை நம்பாதீர்கள். சில சேவைகளில் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வணிக ரீதியில் பயன்படுத்தும் உரிமையும் கிடையாது. வரிகளை எழுதிய காகிதத்தில் தேதி போட்டு வைத்திருங்கள், உங்களுடையது என்று சொல்ல அதுதான் மிஞ்சும். மறைந்த ஒரு பாடகரின் குரலில் வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் குடும்பமும் சபையில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஹார்மனிக்காகவே பணம் கொடுக்கலாம் என்று மேலே எழுதியதைப் படித்தால் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் புதுப்பிக்கப் போவதில்லை. பழைய கீர்த்தனை ஒலிப்பதிவுகளைப் பிரிக்க டெமக்ஸ் இலவசமாகவே இருக்கிறது. புதுப் பாட்டுக்கு எங்கள் ஹார்மோனியக்காரர் இருக்கிறார், அவர் வாயில் ழ வரும். உங்கள் சபையில் மெட்டுப் போட ஆளே இல்லை என்றால் மட்டும் நவம்பரில் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், வருடச் சந்தா வேண்டாம். கட்டுவதற்கு முன் இலவசக் கணக்கில் இந்த ஒரு வரியைக் கொடுத்துப் பாருங்கள்: “வழி தேடி வந்தேன், என் பழி சுமந்தீர், தோளில் ஏற்றிக்கொண்டீர்.” மூன்று எழுத்தும் சரியாக வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், அன்றைக்கே மறுபடி கட்டிவிடுகிறேன்.