இலவச சட்ட உதவி மையம்: கிளி கேசுக்காகப் போனவன் எழுதுற ரிவ்யூ, அஞ்சுக்கு நாலு ஸ்டார்

கோர்ட்டுக்குள்ள இருக்குற சட்ட உதவி மையத்துக்கெல்லாமா ரிவ்யூ எழுதுவாங்கன்னு கேக்காதீங்க, பரோட்டா கடைக்கு எழுதுறோம், செல்போன் கவருக்கு எழுதுறோம், இதுக்கு எழுதுனா என்ன. எந்த ஊரு கோர்ட்டுன்னு போடல, ஏன்னா கொறையும் கொஞ்சம் சொல்லப் போறேன், அங்க உள்ளவங்களுக்கு என்னால தலவலி வேண்டாம். கல்லணைக் கால்வாய் கடைமடைல தென்னையும் நெல்லும் கலந்து கெடக்குற பக்கம்னு வச்சுக்கங்க.

கேஸ் எனக்கு இல்ல, பக்கத்து வீட்டு அத்தைக்கு. சொந்த அத்தை இல்ல, ஆனா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலி கூட கெடையாது. அவங்க வீட்டுல ஒரு பச்சக்கிளி இருந்துச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தோப்பு மொத்தமும் சாஞ்சு கெடந்தப்ப, மரத்த அறுக்கப் போன மாமா கண்ணுல பட்டது, ஒரு பக்க ரெக்க ஒடிஞ்சு மட்டைக்கு அடியில கெடந்துச்சு. கழுத்துல வளையம் கூட அப்ப வரல, அவ்ளோ சின்னது. மஞ்சப்பத்து போட்டு கம்மஞ்சோறு ஊட்டி பொழைக்க வச்சாரு. ரெக்க கூடுச்சு ஆனா பறக்க வரல. அப்பறம் அது வீட்டோட தங்கிருச்சு.

மாமாவுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் மோட்டார் நெனப்புதான், அது ஓட த்ரீ பேஸ் கரண்ட் வரணும். வீட்டுக்குள்ள நுழையும்போதே "த்ரீ பேஸ் வந்துருச்சா?"ன்னுதான் நுழைவாரு. கிளி அதப் புடிச்சுக்கிச்சு. அந்தக் குரல், அந்த இழுப்பு, கேள்வி முடிஞ்சதும் அவர் தொண்டையச் செருமுறது வரைக்கும் அப்படியே வரும். இந்த வருஷம் மாமா நெஞ்சு வலின்னு சொல்லி ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டாரு. கருமாதி பந்தல்ல அத்தன பேரும் உக்காந்திருக்கும்போது உள்ளேருந்து "த்ரீ பேஸ் வந்துருச்சா"ன்னு ஒரு சத்தம், அழுதவங்க பாதி பேரு சிரிச்சுட்டாங்க, சிரிச்ச பாதி பேரு மறுபடி அழுதாங்க. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அத வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டுட்டான், செத்தவர் குரல்ல பேசுற கிளின்னு. அவன் மேலயும் தப்பில்ல, அழகா இருக்கேன்னு போட்டான். அது ஊரு தாண்டி ஓடி, யாரோ வனத்துறைக்கு அனுப்ப, ஜீப் வந்து நின்னுச்சு.

வந்தவங்க மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, அதச் சொல்லணும். வனவர் ஒருத்தர், கூட ரெண்டு பேரு. துக்க வீடுன்னு தெரிஞ்சு செருப்ப வெளிய விட்டுட்டு வந்தாங்க. ஆனா வேலைய வேலையாத்தான் செஞ்சாங்க, மகஜர் (எங்க, எதப் புடிச்சோம்னு சாட்சியோட எழுதுற பேப்பர்) எழுதி, கூண்டோட எடுத்துக்கிட்டு, ரேஞ்ச் ஆபீசுக்கு வரணும்னு ஒரு நோட்டீசு குடுத்துட்டுப் போனாங்க. அத்தை அந்த நோட்டீசப் படிக்கவே இல்ல. "தம்பி, அது அரிசி போட்டா திங்காது, கோவப்பழம் போடுங்க, பழுத்த மொளகா போடுங்க"ன்னு ஜீப் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு ஆளு வந்தாரு. ஊருக்கு ஊரு இருப்பாங்கல்ல, தாலுகா ஆபீசுல எல்லாரையும் தெரியும்னு சொல்லிக்கிட்டு கக்கத்துல பையோட திரியிற ஆளு. மூணு வருஷம் உள்ள போகணும், ஜாமீன் கூட கெடைக்காது, அம்பதாயிரம் குடுத்தா பேப்பரோட கிழிச்சுடலாம்னு சொன்னாரு. அத்தை காதுத் தோட்டக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் அங்க இருந்தேன், நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லி அவர அனுப்பி வச்சேன். என் மச்சான் தான் இலவச சட்ட உதவி மையத்துக்கு போங்கன்னு சொன்னாரு, 15100ன்னு ஒரு நம்பர் இருக்கு அதுல கேளுங்கன்னாரு. போன் பண்ணோம், எந்த கோர்ட்டுக்குப் போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்னு சொன்னாங்க.

இனிமேதான் ரிவ்யூ.

மொதல்ல எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது, 1987ல வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பொம்பளைங்க யாரா இருந்தாலும் இங்க இலவசமா வக்கீல் கேக்கலாம், வருமானம் எவ்ளோன்னு பாக்கறதில்ல. நெலம் இருக்கே, மாடி வீடு இருக்கேன்னு கேக்க மாட்டாங்க. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளி, ஜெயில்ல உள்ளவங்களுக்கும் அப்படித்தான். நாங்க எடுத்துட்டுப் போனது ஆதார், நோட்டீசு, மகஜர் நகல், மாமாவோட இறப்புச் சான்று, அவ்ளோதான். விண்ணப்பத்த அங்க இருந்த சட்டத் தன்னார்வலர் பொண்ணே எழுதுச்சு, எழுதி முடிச்சுட்டு அத்தைக்கு வாசிச்சுக் காட்டுச்சு. பேனல் வக்கீலா, அதாவது சட்ட உதவி கேஸுக்குன்னு பட்டியல்ல வச்சிருக்குற வக்கீலா, ஒரு மேடத்த போட்டாங்க. அவங்களுக்கு ஃபீஸ் ஆணைக்குழு குடுத்துரும், நம்மகிட்ட வாங்கக் கூடாது, வாங்கவும் இல்ல. நான் வாங்கிக் குடுத்த டீக்கு கூட அவங்களே காசு குடுத்துட்டாங்க.

அந்த மேடம் செஞ்ச வேலைதான் நாலு ஸ்டாருக்கும் காரணம். ஃபைலத் தொறக்கறதுக்கு முன்னாடி "அய்யா எப்ப தவறுனாரும்மா"ன்னு கேட்டாங்க. அத்தை அதுக்கப்பறம் கஜா புயல்லேருந்து ஆரம்பிச்சாங்க, தென்னை எத்தன சாஞ்சுச்சு, நிவாரணம் எவ்ளோ வந்துச்சு, எல்லாம். வெளிய ஆளுங்க நிக்கிறாங்க, மேடம் தடுக்கல. நான்தான் நெளிஞ்சுக்கிட்டு இருந்தேன். ஆனா பின்னாடி மனுவப் பாத்தா அத்தை சொன்னதுல தேவையானது பூரா அதுல இருந்துச்சு, புயல் தேதி உட்பட.

சட்டம் என்னன்னு அவங்க சொன்னது எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972லேருந்து இருக்கு. எந்த உயிருக்கு எவ்ளோ பாதுகாப்புன்னு அதுல அட்டவணை அட்டவணையாப் பிரிச்சிருக்கும். நம்ம ஊரு பச்சக்கிளி முன்னாடி நாலாம் அட்டவணைல இருந்துச்சு, 2022ல திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1லேருந்து ரெண்டாம் அட்டவணை. வீட்டுல வச்சிருந்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் போடலாம். வரைக்கும்ங்கறதக் கவனிங்க, பை வச்ச ஆளு அந்த வார்த்தைய முழுங்கிட்டாரு. அடிபட்டுக் கெடந்த ஜீவன எடுத்து வளத்தது புண்ணியம்தானேன்னா, எடுத்ததுல தப்பில்ல, ஆனா 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்லயோ வனத்துறைலயோ சொல்லியிருக்கணும், ஏன்னா காட்டு உயிர் எல்லாம் அரசாங்கச் சொத்து. புயல் அடிச்சு ஊரே இருட்டுல கெடந்தப்ப யாருக்கு இந்த நெனப்பு வரும் சொல்லுங்க, இருந்தாலும் சட்டம் அதான்.

அத்தை கேட்டாங்க, "வளத்தது அவரு, அவரே போயிட்டாரு, கேஸும் அவரோட போகாதா?" மேடம் சுத்தி வளைக்கல, செத்தவர் மேல கேஸ் போட முடியாதும்மா, ஆனா புடிச்ச அன்னிக்கு கிளி உங்க கையில இருந்துச்சு, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்னாங்க. பொய்யா ஆறுதல் சொல்லாதது எனக்குப் புடிச்சுது.

வழி என்னன்னா காம்பவுண்டிங், அதாவது பணம் கட்டி கேஸ கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கறது. மயில் மாதிரி மொதல் அட்டவணைல இருந்தா அந்தப் பேச்சுக்கே எடமில்ல, அதுக்கு கொறஞ்சபட்ச தண்டனையே மூணு வருஷம். ரெண்டாம் அட்டவணைன்னா அதிகாரம் உள்ள வன அதிகாரி ஒரு தொகைய வாங்கிக்கிட்டு கேஸ கோர்ட்டுக்குக் கொண்டு போகாம முடிக்கலாம். இதுல இன்னொண்ணு, 2022 திருத்தத்துக்கு அப்பறம் அந்தத் தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் போகலாம், அதனால மனுவ எப்படி எழுதுறோம்ங்கறது முக்கியம். வித்ததில்ல, சங்கிலி போட்டதில்ல, மறைச்சு வைக்கல, கேட்டதும் குடுத்தாச்சு, வளத்தவர் காலமாயிட்டாரு, ரெக்க பழைய முறிவு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேப்பர இணைச்சாங்க. கால்நடை ஆஸ்பத்திரில மாமா அப்ப வாங்குன சீட்டு ஒண்ணு பீரோவுல பத்திரப் பைக்குள்ள இருந்துச்சு, அதக் கண்டுபிடிச்சதும் மேடம் முகத்துல வந்த சந்தோஷத்தப் பாக்கணுமே.

ரேஞ்ச் ஆபீசுக்கு மேடமும் கூட வந்தாங்க. வாக்குமூலத்துக்கு முன்னாடி அத்தைகிட்ட ரெண்டே விஷயம் சொன்னாங்க: நடந்தத நடந்தபடி சொல்லுங்க, வாசிச்சுக் காட்டாம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அங்க பொறுமையா எழுதி வாங்குனாங்க. கடைசில அதிகாரி நிர்ணயிச்ச தொகையக் கட்டி ரசீது வாங்கியாச்சு. எவ்ளோன்னு அத்தை போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, ஆனா பை வச்ச ஆளு கேட்டதுல பாதிக்கும் கீழ, அதுவும் ரசீதோட.

தெருவுல ரெண்டு கட்சி. கோயில் வாசல்ல கிளி ஜோசியக்காரன் உக்காந்திருக்கான், அவனப் புடிக்காம ஒரு தாலியறுத்தவளப் புடிக்கிறீங்களேன்னு ஒரு கட்சி. அவங்களையும் புடிக்கிறாங்கப்பா, 2024 எம்பி எலக்ஷன் டயத்துல கடலூர்ல ஒரு வேட்பாளருக்கு கிளி சீட்டு எடுத்துக் குடுத்த வீடியோ ஓடி, ஜோசியரப் புடிச்சுட்டாங்களே. இன்னொரு கட்சி யாரு புகார் போட்டதுன்னு துப்பறியறதுலயே இருந்துச்சு. அத்தைக்கும் அந்த எண்ணம் ஓடுச்சு, மேடம்தான் அத விடுங்கம்மா, அதுல உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னு நிறுத்துனாங்க. அடுத்த தெருவுல கூண்டு வச்சிருந்த ஒரு வீட்டுல ராத்திரியோட ராத்திரியா கிளியப் பறக்க விட்டுட்டாங்களாம், அது தப்பு, கூண்டுலயே வளந்தது வெளிய பொழைக்காது, வனத்துறைல ஒப்படைக்கறதுதான் சரி. லவ் பேர்ட்ஸ்னு நம்ம ஊர்ல சொல்ற பட்ஜரிகர் குருவி வச்சிருக்கவங்க பயப்பட வேண்டாம், அது ஆஸ்திரேலியா இனம், இந்த அட்டவணைலயே இல்ல.

இப்ப கொறை. ஒரு நாள் மேடத்துக்கு வேற கோர்ட்டுல ஹியரிங், எங்களுக்குத் தகவல் இல்ல, காலைலேருந்து மதியம் வரைக்கும் வேப்ப மரத்தடில உக்காந்து திரும்புனோம். துக்கத்துல இருக்குற பொம்பளைய அப்படி உக்கார வைக்கக் கூடாது, ஒரு போன் போதும். மையத்துக்குள்ள ஃபேன் ஓடுது, ஆனா வெளிய காத்திருக்க பெஞ்சு கெடையாது. வெளிய உக்காந்திருக்குற டைப்பிங் ஆளு ஒருத்தர் சட்ட உதவி விண்ணப்பத்துக்கு நானூறு ரூபா கேட்டாரு, உள்ள அது ஓசி. அதப் பெருசா ஒரு போர்டுல எழுதி வாசல்ல மாட்டலாம்.

கிளிய திருப்பிக் கேக்க முடியாதுன்னு மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க. ஆனா எங்க இருக்கு, யாரு பாத்துக்கறாங்கன்னு தெரியணும்னு அத்தை கேட்டதுக்கு தனியா ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாங்க, இது அவங்க வேலையில சேராது. கால்நடை டாக்டர் பாத்துட்டாரு, பறக்காதுங்கறதால வெளிய விடப் போறதில்ல, பராமரிப்புக்கு அனுப்புவோம்னு வாய் வார்த்தையா பதில் வந்துருக்கு. எழுத்துல இன்னும் வரல. மேடம் நினைவூட்டல் ஒண்ணு போட்டிருக்காங்க. எழுத்துல வந்துச்சுன்னா அந்த ஒரு ஸ்டாரையும் சேத்துப் போட்டுடறேன்.

போறவங்களுக்கு: மனுதாரரத் தனியா அனுப்பாதீங்க, கூட ஒருத்தர் போங்க, ஃபைல் ஒண்ணு வாங்கி எல்லாத்துக்கும் ரெண்டு நகல் எடுத்து வச்சுக்கங்க. வெயில் நாள்ல தண்ணி பாட்டிலும்.