வடசேரி டெய்லர் அக்கா: அளவு ஜாக்கெட் வாங்காத கடை

முதல் தடவை போனபோது நான் கொண்டுபோன அளவு ஜாக்கெட்டை அக்கா கையில் வாங்கவே இல்லை. "அத பைக்குள்ள வையுங்க டீச்சர். அது போன வருசத்து உடம்பு. இன்னைக்கு உள்ள உடம்புக்குத்தான நான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மாலை மாதிரி கிடந்த இஞ்சி டேப்பை எடுத்தார். பதினேழு வயதிலிருந்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அளவு ஜாக்கெட்டை வேண்டாம் என்று சொன்ன டெய்லரை அன்றுதான் பார்த்தேன். அது 2016. இன்றுவரை வேறு எங்கும் போகவில்லை.

கடை நாகர்கோவில் வடசேரியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. பலகை கிடையாது. பேரை எழுதிவிடாதீர்கள், இருக்கிற துணியையே தைத்துக் கொடுக்க முடியவில்லை என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மூன்று தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், வெட்டுவதற்கு ஒரு பெரிய மேஜை, மூலையில் அளவெடுக்க ஒரு திரை. திரை கனமான ஜமுக்காளத் துணி. இரண்டு ஓரத்திலும் ஊக்கு வைத்து மாட்டிக்கொள்ளலாம், விலகாது. வேலை செய்கிற மூன்று பேரும் பெண்கள். கூட வருகிற ஆண்கள் படிக்குக் கீழே பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

அவர் அளவெடுக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் நிற்க வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இவர் முதலில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார். டீச்சர் என்றதும், "போர்டுல எழுதுகது போல கையத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். கைக்குழியை அந்த நிலையிலும் ஒரு முறை அளந்தார். இருபது வருடமாக போர்டில் எழுதும்போதெல்லாம் இடது கையால் ஜாக்கெட்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டிருந்தவள் நான். என் உடம்பில்தான் ஏதோ சரியில்லை என்று நினைத்திருந்தேன். கைக்குழி வெட்டில்தான் கோளாறு. அதன் பிறகு ஸ்டூலில் உட்கார வைத்து வயிற்றுச் சுற்றை இன்னொரு தடவை எடுத்தார். நிற்கிறபோது ஒரு அளவு, உட்கார்ந்தால் வேறு அளவு. மூச்சை இழுத்துப் பிடித்தால் "விடுங்க டீச்சர், மூச்ச விடுங்க" என்பார். நாம் விடுகிற வரைக்கும் டேப்பை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இன்னொன்று, அளவைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். பல கடைகளில் அளவெடுக்கிறவர் இங்கே நின்று "நாப்பத்திரெண்டு!" என்று கத்துவார், அங்கே மேஜையில் இருக்கிற பையன் எழுதுவான், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். கல்லூரிப் பெண்கள் அந்த இடத்தில் கூனிப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அக்கா தானே எடுத்து, தானே எழுதி, நோட்டை மூடி வைத்துவிடுவார்.

இவரிடம் வருவதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஒரு பெரிய பொட்டிக்கில் ஜாக்கெட் கொடுத்தேன். கப் வைத்துத் தைப்பதுதான் இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்றார்கள். சரி என்றேன். வந்து போட்டுப் பார்த்தால் கப் ஒரு இடத்தில், நான் ஒரு இடத்தில். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பு அந்த அச்சில் எப்படி உட்காரும்? சரி செய்து தரச் சொன்னதற்கு அங்கே இருந்த பெண், "மேடம், ஒரு ரெண்டு மாசம் டயட்ல இருங்க, அழகா உக்காரும்" என்றாள். தையலுக்கு மட்டும் 2,800 ரூபாய். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் இரவில் சாப்பிடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் இந்த ஊர்க்காரி. இந்த மண்ணில் ஜாக்கெட் சும்மா கிடைத்த துணி இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மாரை மூடக்கூடாது என்று இருந்ததும், மூடினவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்ததும், அதற்காகப் பல வருடம் நடந்த தோள்சீலைப் போராட்டமும் இங்கே எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிற கதை. 1859 ஜூலை 26-ஆம் தேதிதான் மூடிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனையோடுதான் வந்தது. என் பாட்டியின் பாட்டி அந்தச் சமயத்தில் பிறந்தவர். நாகர்கோவிலில் 1820-களில் மிஷன் பள்ளியில் மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கைவேலை இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. டெய்லர் அக்காவின் அம்மாவும் லேஸ் பின்னினவர்தான். இத்தனை பாடுபட்டு வாங்கின ஒரு துணியைக் காட்டி, உன் உடம்பு இதற்குப் பொருந்தவில்லை என்று ஒருத்தி சொன்னால் எப்படிப் பொறுக்கும்?

பொருத்தம் என்பதும் அடிக்கொரு தரம் மாறிக்கொண்டே இருக்கிறது. சுசீந்திரம் கோயில் பிரகாரத்தில் விளக்கேந்தி நிற்கிற பாவைகளுக்கு இடை துடி மாதிரி, இடுப்பு அகலம். நான் வயசுக்கு வந்தது 1984-இல். அம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு, பதினாறு நாள் ஊட்டிவிட்டார். இடுப்பு பலக்கணும், பொண்ணு பூசினாப்ல இருக்கணும் என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் சதை போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 1994-இல் உலக அழகி, பிரபஞ்ச அழகி இரண்டு பட்டமும் இந்தியாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைப்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் மகள் பதினாறு வயதில் காலைச் சாப்பாட்டையே விட்டாள். உளுந்தங்களி கிண்டி வைத்தால் "குண்டாயிருவேன்" என்று தட்டை நகர்த்தினாள். இப்போது அவள் வயதுப் பெண்கள் இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற கோர்செட் ஜாக்கெட் கேட்கிறார்கள்.

அக்காவிடம் நீள வாக்கில் பைண்டு செய்த கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு அளவை எழுதுகிறார். 2023 ஆடி மாதம் உள்பாவாடைக்கு அளவெடுத்துவிட்டு, என் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்பு 2016-இல் 36, 2020-இல் 36, இப்போது 36½. இடுப்பு 30, 31½, 35. "மாரு அப்பிடியே இருக்கு, கையும் அப்பிடியே இருக்கு. வயிறு மட்டும் மூணு வருசத்துல மூணரை இஞ்சி ஏறியிருக்கு. எனக்க அம்மைக்கும் இப்பிடித்தான் ஏறிச்சு. சுகர் பாத்தியளா டீச்சர்?"

நான் பார்த்திருக்கவில்லை. எடை 58 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். யாரும் என்னைக் குண்டு என்று சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. அந்த வாரமே ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 தொட்டால் நோய் என்று டாக்டர் விளக்கினார். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். 80 சென்டிமீட்டர் என்றால் 31½ இஞ்சி. 2020-இல் அக்கா நோட்டில் எழுதியிருந்தது சரியாக அதே எண். அந்தக் கோட்டில் நின்றுவிட்டுத் தாண்டியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற அந்தக் கணக்கிலும் எனக்கு 24 வருகிறது. உலகத்துக்குப் பொதுவான எல்லை 25 என்பதால் நான் சரியான எடை, நம்மவர்களுக்கு வைத்திருக்கிற எல்லை 23 என்பதால் எடை கூடுதல். நம் ஆட்களுக்கு உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது, மாதவிடாய் நிற்கிற வயதில் தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் சேர்ந்தது வயிற்றுக்கு மாறுகிறது. டயட் இரு என்று சொன்ன பொட்டிக் பெண்ணும் உடம்பைக் குறைக்கத்தானே சொன்னாள் என்று நினைக்கலாம். அவள் ஜாக்கெட் உட்காருவதற்காகச் சொன்னாள். அக்கா எனக்காகச் சொன்னார். 35-க்கே பாவாடையும் தைத்துக் கொடுத்தார். இந்த வருடம் 33½. அதையும் எழுதிக்கொண்டார். பாராட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

உள்பாவாடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலை கட்டுகிற பெண்களுக்கு இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும். எனக்கு இருக்கிறது, என் அம்மாவுக்கு அந்த இடத்தில் தோலே தடித்துப் போயிருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டினால்தான் சேலை நிற்கும், இடுப்பும் சின்னதாகத் தெரியும் என்று பழகிவிட்டோம். 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாடா அறுத்த இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாகவே ஆகியிருந்தது. அக்கா அதற்கெல்லாம் முன்பிருந்தே இரண்டு இஞ்சி அகலப் பட்டி வைத்து, பக்கத்தில் மூன்று வரிசை ஊக்கு வைத்துத்தான் உள்பாவாடை தைக்கிறார். காலையில் ஒரு ஊக்கு, சாப்பிட்ட பிறகு அடுத்த ஊக்கு. ஒரு வருடத்தில் என் தழும்பு நிறம் வெளுத்திருக்கிறது. உள்பாவாடைக்குப் பதிலாக உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சேலை ஷேப்வேரையும் ஆன்லைனில் வாங்கிப் போட்டுப் பார்த்தவள் நான். முகூர்த்தம் முடிகிறதற்குள் கழற்ற வேண்டியதாகிவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது.

என் சித்தி மகளுக்கு இரண்டு வருடம் முன்னால் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் அந்தக் கை அவ்வப்போது வீங்கும். அதன் பிறகு அவள் சேலையே கட்டவில்லை. நைட்டி, மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. கடையில் வாங்கின சிலிக்கான் மார்பு கனமாக இருக்கிறது, வியர்வை ஊறி எரிகிறது என்று பெட்டியிலேயே வைத்துவிட்டாள். நான்தான் வற்புறுத்தி அக்காவிடம் அழைத்துப் போனேன்.

திரைக்குள்ளே அக்கா அவளிடம் கேட்டது: "மக்களே, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தெரியணுமா, இல்ல இந்தப் பக்கம் தட்டையாவே இருக்கட்டா? ரெண்டும் தைக்கலாம்." அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவள் யோசித்துவிட்டு, "வீட்டுக்குத் தட்டையா, கல்யாணத்துக்கு ஒண்ணுபோல" என்றாள்.

அந்தக் கல்யாண ஜாக்கெட்டை நான் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இடது பக்கம் பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு பை. அதன் தையல் எல்லாம் வெளிப்பக்கம் திருப்பி அடித்திருந்தது, தழும்பில் நூல்கூடப் படாது. பைக்குள் வைக்க, கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு பஞ்சு உருண்டை. வெறும் பஞ்சு என்றால் லேசாக இருந்து அந்தப் பக்கம் ஜாக்கெட் மேலே ஏறிவிடும் என்று நடுவில் சின்ன முடிப்பாகக் கடுகு கட்டியிருந்தார். இடது கை மட்டும் வலது கையைவிட ஒன்றரை இஞ்சி அகலம். வெளியே பார்த்தால் தெரியாது, ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு வைத்து அதை மறைத்திருந்தார். கை வீங்கினால் அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். கைச்சுற்று இறுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இவள் சொல்லவே இல்லை, கையைத் தொட்டுப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். இதற்குத் தனியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குக் கிடைக்காது. ஒரு வாரம் சேர்த்தே கணக்குப் போடுங்கள். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். முன்கூட்டிச் சொன்னால் கீழே பக்கத்து வீட்டு முன்னறையில் அளவெடுக்க இறங்கி வருவார். ஆரி ஒர்க் செய்வதில்லை. முதுகு முழுக்கத் திறந்த கழுத்து வேண்டுமென்று என் மகள் கேட்டபோது தைத்துக் கொடுத்தார்தான், ஆனால் கழுத்து கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது. புது மாடல்களில் அவருக்கு இன்னும் கை படியவில்லை. பிரின்சஸ் கட், சாதாரண டாட் வைத்த ஜாக்கெட் இரண்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

லைனிங் ஜாக்கெட் 550 ரூபாய், லைனிங் இல்லாமல் 320, பட்டி வைத்த உள்பாவாடை துணியோடு 480. ஜிபே உண்டு. ஞாயிறு லீவு. உள்தையல் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சி விட்டுத் தைப்பதால் துணி வாங்கும்போது பத்து சென்டிமீட்டர் கூட வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆடி முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சித்தி மகள் வருகிற ஆவணிக்கு மூன்று ஜாக்கெட் கொடுத்திருக்கிறாள், ஒன்று அரக்குப் பட்டு.