பம்ப் சூடும் பவளத் தொட்டியும்: சென்னை வெயிலில் சில வருட அனுபவம்

வெயில் காலம் வந்தால் வீட்டில் பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "சில்லர் எத்தனை ஹெச்பி?" என்றுதான். சில்லர் என்றால் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, தண்ணீருக்குள் எத்தனை வாட் பம்ப் ஓடுகிறது என்பது.

என்னுடையது சம்ப்போடு (கீழே அலமாரிக்குள் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்துச் சுமார் 300 லிட்டர். லெதர், மஷ்ரூம், ஜோவா என்று எல்லாம் மென்பவளங்கள். கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. ஆரம்பத்தில் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ்மேக்கர் எல்லாம் சாதா ஏசி மின்சார வகை. ஒவ்வொன்றாக வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தால் மொத்தம் 150 வாட்.

மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதே தண்ணீரில் வெப்பமாகச் சேர்கிறது. நீரோட்டமாகப் போகும் பங்கும் பாறையிலும் கண்ணாடியிலும் உரசி அடங்கும்போது வெப்பம்தான். 150 வாட் வெளியேற வழியே இல்லாமல் தங்கினால் 300 லிட்டர் தண்ணீர் மணிக்கு 0.4 டிகிரி ஏறும். 26, 27 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் பவளம், 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் உடம்பில் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் கடலிலேயே அது நடந்தது.

முதலில் ஃபேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கொண்டுபோகும். அந்தக் கணக்குப்படி பம்ப்புகளின் சூட்டை மட்டும் ஈடுகட்டவே தினம் ஐந்து லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதால் அவ்வளவையும் ஆர்ஓ தண்ணீராகத் திருப்பி ஊற்றவும் வேண்டும். குறைந்த தண்ணீரைத் தானாகவே நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் கருவி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காற்று ஈரமாக இருந்தால் ஆவியாவதே மந்தமாகிவிடும் என்பது அடுத்த சிக்கல். மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் உடம்பு பிசுபிசுக்கிறதே, அந்த நேரத்தில் ஃபேன் சத்தம்தான் போடும். கோயம்புத்தூர்க்காரர்கள் ஃபேனிலேயே சமாளிக்கிறேன் என்றால் நம்பலாம். சென்னையில் மே மாதத்துக்கு அது போதாது.

அதனால் பம்ப்புகளை மாற்றினேன். ரிட்டர்னுக்கு வேகம் குறைக்கக்கூடிய டிசி பம்ப். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதி அளவுக்கு இறங்கும், தண்ணீர் வரத்து அவ்வளவு குறையாது. வேவ்மேக்கர்களில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, காந்தம் வழியாக உள்ளே இறக்கையைச் சுழற்றும் வகை. மோட்டாரின் சூட்டில் பெரும்பங்கு அறைக் காற்றுக்குப் போய்விடும். இப்போது தண்ணீருக்குள் இறங்குவது 70 வாட் அளவுதான். சில்லரைத் தூக்கிப் போட முடியவில்லை, ஆனால் பகலெல்லாம் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது இப்போது இடைவெளி விட்டு ஓடுகிறது.

டிசி பம்ப்பில் குறையே இல்லையா என்றால், உண்டு. விலை அதிகம். வேகத்தை மாற்றும் கண்ட்ரோலர் ஒன்று உப்பு ஈரம் ஏறிச் செத்துப்போனது. அப்புறம் கண்ட்ரோலர்களை சம்ப் அலமாரிக்கு வெளியே, தலை உயரத்தில் மாட்டிவிட்டேன். அலமாரியின் பின்பலகையையும் கழற்றியாயிற்று. மூடிய அலமாரிக்குள் சூடும் ஈரமும் தேங்கினால் சம்ப்பில் எதுவும் ஆவியாகாது.

பராமரிப்பு சின்ன வேலைதான், தள்ளிப்போடத்தான் தோன்றும். பம்ப்புக்குள் சுழலும் இறக்கையான இம்பெல்லரில் சுண்ணாம்பு படியப் படிய உராய்வு கூடி, மோட்டார் திணறிச் சூடாகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். தண்ணீர் வரத்து குறைவதற்கு முன்பே சத்தம் மாறிவிடும், அதுதான் அறிகுறி.

சில்லர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அது தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை வெளியே ஊதுகிறது. அதே அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். என்னுடையது ஜன்னலோரம் இருக்கிறது, 26.5க்கு செட் செய்திருக்கிறேன்.

வாட் குறைத்ததில் எதிர்பாராத லாபம் மின்வெட்டில் கிடைத்தது. 24 வோல்ட் வேவ்மேக்கர் ஒன்று பேட்டரியில் இரவு முழுக்க ஓடுகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அப்போது நீரோட்டமும் நின்றால் முதலில் போவது மீன்தான். ஸ்கிம்மர் பம்ப் மட்டும் இன்னும் பழைய ஏசி; அது பழுதானதும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.