கிளைகளைக் கண்காணிக்க ஜாபிக்ஸா, புரோமீத்தியஸா?

40 கிளைகள், ஏறத்தாழ 600 ஸ்விட்சுகளும் ரவுட்டர்களும். பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். ஒரே சர்வர் அத்தனையையும் எஸ்.என்.எம்.பி.யில் (கருவிகளிடம் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) கேட்டுக் கேட்டுத் திணறத் தொடங்கியதும், வேலையைக் கிளைகளுக்கே பிரித்துக் கொடுக்க முடிவு செய்தோம். ஜாபிக்ஸ், புரோமீத்தியஸ் என்ற இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களில் ஜாபிக்ஸை எடுத்தோம். இரண்டு வருடமாக ஓடுகிறது.

இரண்டும் ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. அலர்ட், கிராஃப் எல்லாம் இரண்டிலும் வரும். எங்களுக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி ஒன்றுதான்: கிளையின் லிங்க் அறுந்தால் அந்த நேரத்து அளவீடுகள் எங்கே போகும்?

ஜாபிக்ஸில் கிளைக்கொரு ப்ராக்ஸி வைக்கலாம். சின்னப் பெட்டியும் எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸும் போதும். அந்தக் கிளையின் கருவிகளை அதுவே விசாரித்து, எழுதிவைத்து, மையத்துக்கு அனுப்பும். ஆக்டிவ் முறையில் ப்ராக்ஸிதான் மையத்தைக் கூப்பிடும் என்பதால், கிளை ஃபயர்வாலில் உள்வழி எதையும் திறக்க வேண்டியதில்லை. எதைக் கண்காணிப்பது என்பதையும் மையத்தில் மாற்றினால் போதும், கிளை தானாக வாங்கிக்கொள்ளும். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இது பெரிய நிம்மதி.

லிங்க் போனால் ப்ராக்ஸி சேர்த்துவைத்து, வந்ததும் அனுப்பும். எவ்வளவு நேரத்துக்கு என்பதைக் கவனியுங்கள். 'ப்ராக்ஸிஆஃப்லைன்பஃபர்' என்ற செட்டிங் நாம் தொடாதவரை 1 மணி நேரம்தான். ஒரு ராத்திரி ஒரு கிளை 5 மணி நேரம் துண்டாகிக் கிடந்தது. காலையில் பார்த்தால் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிறது. லிங்க் விழுந்த நிமிடங்கள்தான் எங்களுக்கு வேண்டும், அவை போய்விட்டன. இப்போது 72 வைத்திருக்கிறோம். 720 மணி வரை வைக்கலாம்.

புரோமீத்தியஸைக் கிளைதோறும் வைத்து ஃபெடரேஷன் செய்தால், மையம் அந்தந்தக் கணத்து மதிப்பை மட்டுமே இழுக்கும். அறுந்த நேரம் மையத்தில் ஓட்டைதான். கிளையே மையத்துக்குத் தள்ளும் ரிமோட் ரைட் 2 மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் அனுப்பாதது தொலையும். தானோஸ் என்ற துணை மென்பொருளைச் சேர்த்தால் தரவு துண்டு துண்டாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குப் பிறகு ஏறிக்கொள்ளும். ஆனால் சைட்கார், குவெரியர், ஸ்டோர் கேட்வே, காம்பாக்டர் என்று அதன் பகுதிகளாகப் பராமரிக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும். இதை நாங்கள் சில வாரம் சோதித்ததோடு சரி. வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

ஜாபிக்ஸின் பலவீனம் மைய டேட்டாபேஸ். பழைய வரிகளை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் ஓடும்போது எல்லாமே மெதுவாகிவிடும். டைம்ஸ்கேல் என்ற, நேரவரிசைத் தரவுக்கான டேட்டாபேஸுக்கு மாறிய பிறகுதான் மூச்சு வந்தது. முதல் நாளே அதில் தொடங்கியிருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, புரோமீத்தியஸையே எடுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் முளைத்து மறையும் கன்டெய்னர்களை அதுதான் நன்றாகப் பின்தொடரும். எங்கள் ஸ்விட்சுகள் பத்து வருடம் ஒரே ரேக்கில் உட்கார்ந்திருப்பவை.