மினிவேன் ஆக்சிஜன் சென்சார்: கோட் வந்ததும் மாற்றுவதா, அளந்து பார்த்து மாற்றுவதா?

செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று ஒரு பழுதுக் குறியீடு (கோட்) வருகிறது, விசாரித்தால் பாதிப் பேர் "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடு" என்கிறார்கள். எஞ்சின் விடும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. நானும் ஒருமுறை அப்படித்தான் மாற்றினேன். வி6 எஞ்சின் மினிவேன், பின்பக்க சென்சார், கை நுழையாத இடம், அரை நாள் போராட்டம். மூன்றாம் நாள் அதே லைட், அதே கோட். கடைசியில் பார்த்தால் இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும்) பக்கம் ஒரு வேக்கம் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், வளைவில் அடிப்பக்கமாகக் கீறியிருந்தது, விரலால் மடக்கினால்தான் கண்ணுக்கே தெரியும். பழைய சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

அதனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் இருக்கும் வழிகளை ஒப்பிடுகிறேன். அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வி6 மினிவேனில் வழக்கமாக நான்கு சென்சார்கள் இருக்கும். முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1, மற்றது பேங்க் 2. புகையைச் சுத்தமாக்கும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால் பல மினிவேன்களில் பேங்க் 1 என்பது ஃபயர்வாலை (எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) ஒட்டிய பின்பக்கம். பானட்டைத் திறந்ததும் பளிச்சென்று தெரிகிற முன்பக்க சென்சாரைப் பேங்க் 1 என்று நினைத்துக் கழற்றினால் நல்ல சென்சாரை மாற்றிவிட்டு வருவீர்கள். உங்கள் வண்டியின் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, கோட் எண்ணை மட்டும் நம்புவது. வேகமான வழி, ஆனால் எந்தக் கோட் என்பதைப் பொறுத்தது. பி0135, பி0141, பி0155, பி0161 ஆகியவை சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட் கோட்கள். இவற்றை ஓரளவு நம்பலாம், சென்சார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதைச் சீக்கிரம் சூடாக்குவது இந்த ஹீட்டர்தான், நாளடைவில் எரிந்து போவதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் இரண்டு மூன்று ஹீட்டர் கோட்கள் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் சென்சாரை விடுங்கள், முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரே ஃப்யூஸ்தான் எல்லா ஹீட்டருக்கும்.

பி0171, பி0174 வேறு கதை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் இவற்றின் அர்த்தம், சென்சார் கெட்டது என்று அவை சொல்லவே இல்லை. இரண்டு பேங்குக்கும் ஒன்றாக வந்தால் இரண்டு சென்சாரும் ஒரே வாரத்தில் போயிருக்கும் என்று நினைப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவான வேக்கம் கசிவு, அழுக்கடைந்த காற்று அளவு சென்சார், எரிபொருள் அழுத்தக் குறைவு இவற்றைச் சந்தேகிப்பதுதான் சரி. இன்னொன்று, இந்தக் கருவி அளப்பது பெட்ரோலை அல்ல, ஆக்சிஜனை. ஸ்பார்க் பிளக் ஒன்று சரியாக எரிக்காமல் விட்டால் அந்தச் சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதைப் பார்த்துப் "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். சென்சாருக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கட் கசிந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, மல்டிமீட்டர். ஹீட்டர் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டர் வயர்கள். கனெக்டரைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகு ஓம் பார்த்தால் சில ஓம் காட்ட வேண்டும். எண்ணே வராமல் திறந்த சர்க்யூட் என்று காட்டினால் ஹீட்டர் எரிந்துவிட்டது, வேறு பேச்சில்லை. ஓம் சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி பக்கத்துக் கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஆனால் சிக்னலை அளக்க மல்டிமீட்டர் அவ்வளவு தோதான கருவி இல்லை, சூடான குழாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணைப் படிப்பது எரிச்சலான வேலை.

மூன்றாவது, லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர். எனக்கு இதுதான் பிடிக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய வகை சென்சார் 1-இன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும், கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் 2 கிட்டத்தட்ட அசையாமல் 0.6, 0.7 பக்கத்தில் நிற்க வேண்டும். சென்சார் 1 கீழேயே 0.1-இல் ஒட்டிக்கிடந்தால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். இன்டேக் பக்கம் கொஞ்சம் புரோபேன் வாயுவை விட்டுப் பாருங்கள் (பக்கத்தில் தீப்பொறி எதுவும் இல்லாமல்). வோல்டேஜ் சட்டென்று 0.9-க்குத் தாவினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, காற்றுக் கசிவைத் தேடுங்கள். அசையவே இல்லை அல்லது தூங்கி எழுந்து வருவது போல மெதுவாக ஏறுகிறது என்றால் அப்போது மாற்றலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: புதிய வண்டிகளில் பலவற்றில் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூயல் சென்சார். அது இப்படி மேலும் கீழும் ஆடாது, 0.1 முதல் 0.9 கணக்கும் அதற்குப் பொருந்தாது. அந்த இடத்தில் சாதாரண ஆக்சிஜன் சென்சாரை மாட்டினாலும் வேலைக்காகாது.

நான்காவது, காசே செலவாகாத வழி: இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டு பேங்கிலும் ஒரே பார்ட் நம்பர் என்றால், பேங்க் 1-இல் பி0135 வந்த சென்சாரை பேங்க் 2-க்கு மாற்றி, கோட் எண்ணை அழித்து ஓட்டுங்கள். இப்போது பேங்க் 2-க்கான பி0155 வந்தால் சென்சார்தான் குற்றவாளி. பி0135-ஏ திரும்பி வந்தால் வயரிங். ஆனால் துருப்பிடித்த இரண்டு சென்சாரைக் கழற்ற வேண்டும் என்பதால் பழைய வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, பழுது உறுதியாகிவிட்டது. இனி வாங்குவதில் போட்டி. வண்டியின் கனெக்டரோடு அப்படியே பொருந்தும் டைரக்ட்-ஃபிட் ஒரு பக்கம், வயரை வெட்டி இணைக்க வேண்டிய யூனிவர்சல் இன்னொரு பக்கம். யூனிவர்சல் மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: பாஷில் ஹீட்டர் வயர்கள் இரண்டும் வெள்ளை, டென்சோவில் இரண்டும் கறுப்பு, பாஷின் கறுப்போ சிக்னல் வயர். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் இணைப்பு தப்பாகிவிடும். அப்புறம் பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயருக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடலாம், அதனால்தான் கிரிம்ப் (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது) செய்யச் சொல்கிறார்கள். பின்பக்க பேங்கில், வெளிச்சமில்லாத சந்தில், நான்கு கிரிம்ப் போடும் பொறுமை எனக்கில்லை. டைரக்ட்-ஃபிட்தான் என் ஓட்டு, அதிலும் வண்டிக்கு முதலில் சென்சார் கொடுத்த கம்பெனியின் பெட்டி கிடைத்தால் அதையே எடுப்பேன்.

கழற்றுவதற்குப் பெரும்பாலும் 22 மிமீ. சாதாரண ஸ்பேனர் விளிம்பைத் தின்றுவிடும், பக்கவாட்டில் வெட்டு உள்ள சென்சார் சாக்கெட் நல்லது. பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் வயரை வெட்டிவிட்டு ஆழமான ஆறுமுனை சாக்கெட்டைப் போடுங்கள், அதைவிட உறுதியான பிடி கிடையாது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது திருப்புங்கள். புதிய சென்சாரின் மரையில், இறுகிப் பிடிக்காமலிருக்கும் பசை ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் தடவ வேண்டாம். அந்தப் பசை சென்சாரின் முனையில் படவே கூடாது.

பழையதைத் தூக்கி எறியும் முன் அதன் முனையைப் பாருங்கள். கரிக்கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிந்திருக்கிறது. வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிந்திருக்கலாம், இல்லை யாராவது எஞ்சினில் தவறான சிலிக்கான் பசையை அப்பியிருக்கலாம். கசிவு இருக்கும் வரை புதியதும் அதே பொடியைப் பூசிக்கொள்ளும், அதனால் ரேடியேட்டரில் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.