பொன்முடி இறக்கத்துக்கு ஷிமானோ எம்டி200 ஆயில் பிரேக் போதுமா?

திருவனந்தபுரம் மாவட்டத்து மலையான பொன்முடிக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பின்கியரில் எத்தனை பல் போடணும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று. ஏற்றத்தில் மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அடிவாரத்துக் கல்லாறு நோக்கி 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. காசு செலவழிக்க வேண்டிய இடம் பிரேக்.

கணக்கு இப்படி. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 800 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 700 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. நேர் ரோட்டில் வேகமாக இறங்கினால் பெரும்பகுதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கும் மலைப்பாதையில் காற்றின் பங்கு குறைவு; மிச்சம் முழுவதும் 1.8 மி.மீ. தடிமனுள்ள இரண்டு ரோட்டர்களின் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகள்) தலையில்தான் விழும்.

ஷிமானோ ஆயில் பிரேக்குகளில் எம்டி200 கீழ்த்தட்டு மாடல். பேடுகளை (உரசுகட்டைகள்) ரோட்டரில் அழுத்தும் காலிப்பருக்கு இரண்டு பிஸ்டன், உள்ளே மினரல் ஆயில். குமரி மாவட்டத்திலும் பாறசாலை, நெடுமங்காடு பக்கமும் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் நிறுத்தும் சக்தி அல்ல, உப்பு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கடற்கரை ரோட்டில் வாரம் இரண்டு நாள் ஓடும் வண்டியில் கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கின் உள்கம்பி சீக்கிரமே துருப்பிடித்து இழுக்கத் தொடங்கும். போதாததற்கு நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மலிவான கேபிள் காலிப்பரில் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை வளைத்து மறுபக்கப் பேடின்மேல் அழுத்தும். பேட் தேயத் தேயத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் பிரேக்கில் குழாய் மூடியே இருக்கிறது, இரண்டு பேடும் சேர்ந்து நகர்கின்றன, தேய்மானத்தைப் பிஸ்டன் தானாகவே ஈடு கட்டிக்கொள்கிறது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வண்டியில் காலிப்பரைப் பொருத்தும் இடம் போஸ்ட் மவுண்ட் வகையாக இருக்க வேண்டும், ஐ.எஸ். மவுண்ட் வகை என்றால் அடாப்டர் தேவை. இது நேர் ஹேண்டில்பாருக்கான லீவர், வளைந்த ஹேண்டிலில் ஏறாது. மூன்றாவதைக் கடையில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: எந்தக் கைக்கு எந்தச் சக்கரம்? பல வெளிநாட்டுச் செட்டுகளில் முன்பிரேக் இடக்கையில் வரும். நம்மூரில் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு முன்பிரேக் வலக்கையில்தான். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். ஆகவே முன்சக்கரத்துக்கான குட்டைக் குழாய் வலது லீவரில் வருகிற செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்துவது பெரிய வித்தையல்ல. குழாயைக் குறைக்க வேண்டியிருந்தால் சதுரமாக வெட்டி, புது ஆலிவும் (குழாயை நெருக்கிப் பிடிக்கும் வளையம்) புது இன்சர்ட்டும் (குழாய்க்குள் செருகும் சிறு குழல்) போடுங்கள். பழைய ஆலிவை மறுபடி நெருக்கினால் கசியும். குழாயை லீவரோடு பிணைக்கும் நட்டுக்கு இறுக்கம் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரைப் பிடித்துக்கொண்டே மாறிமாறிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்குங்கள், 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை. பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்த்தால் ரோட்டரின் இரு பக்கமும் வெளிச்சக் கோடு தெரிய வேண்டும்.

புதுப் பேடைப் பதப்படுத்தாமல் மலைக்குப் போகவே கூடாது. தேரூர் குளத்தங்கரை மாதிரி ஆளரவமில்லாத சமதள ரோட்டில் 20, 25 கி.மீ. வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் நடைவேகத்துக்குக் குறையுங்கள். முன்னுக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. முதல் ஐந்தாறு தடவை வண்டி நிற்கவே மாட்டேன் என்னும். பத்தைத் தாண்டியதும் பிடி இறுகுவது விரலிலேயே தெரியும். இதைத் தவிர்த்தவர்கள்தான் பிரேக் கத்துகிறது என்று புகார் சொல்கிறார்கள்.

மலையில் எப்படி? 160 மி.மீ. ரோட்டரில் 75 கிலோ வரை உள்ள ஆளுக்கு, பாரம் அதிகமில்லாமல், தாராளமாகப் போதும். அதற்கு மேல் என்றால் ஃபோர்க் அனுமதித்தால் முன்னுக்கு 180 போடுங்கள். சக்கர மையத்திலிருந்து பேட் பிடிக்கும் தூரம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, சூட்டை உதறப் பரப்பும் கூடுகிறது. கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றிக்கொண்டு மொத்தம் 110, 120 கிலோ இறங்குகிறவர்களுக்கு இது பத்தாது. நாலு பிஸ்டன் பிரேக்குக்குப் போங்கள்.

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பேடைக் கருக்குகிறது. தவறு எங்கே என்பதை லீவரே சொல்லும். லீவர் கல்மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பேடு சூடாகிவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், ரோட்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகும். லீவர் மெத்தென்று ஹேண்டிலைத் தொட வருகிறது என்றால் குழாயில் காற்று இருக்கிறது. ப்ளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், மேற்கொண்டு இறங்கக் கூடாது. மேலே மூடுபனி இறங்கும் நேரத்தில் ரோட்டர் நனைந்திருக்கும், முதல் அழுத்தம் வழுக்கும். வளைவு வருமுன்பே ஒருமுறை லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். ஏறி வருகிற கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு வேறு வழியில்லை, நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். வெள்ளறடை, காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா என்று உள்வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் நனைந்த இலைமேல் எந்த பிரேக்கும் டயரைக் காப்பாற்றாது.

லீவர் நீளமானது. ஒரு விரலில் பிரேக் பிடித்துப் பழகியவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது அதன் அருமை தெரியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று வண்டியைத் தள்ளும்போது இரண்டு விரல் லீவரிலும் மற்ற விரல்கள் பிடியிலும் இருக்க வேண்டும். இதில் அதற்கு இடம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. லீவர் தூரத்தைக் கையால் திருகி மாற்ற முடியாது, ஆலன் கீ வேண்டும். அழுத்தத் தொடங்கும் இடத்தை மாற்ற வழியே இல்லை. பேடைப் பிடித்திருக்கும் ஸ்பிளிட் பின் கடற்காற்றில் துருவேறி இறுகிவிடும். உடன் வரும் மலிவு ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேடைப் போட்டால் ரோட்டர் அரைந்துபோகும். ரெசின் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் செம்மண் கலந்த மழைத்தண்ணீரில் வேகமாகத் தேயும். பெரிய சங்கடம் வேறு: கேபிள் அறுந்தால் விதுராவில் எந்தச் சைக்கிள் கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். ஆயில் கசிந்தால் ப்ளீட் கிட் உள்ள கடையைத் தேடி நகரத்துக்கு வர வேண்டும். அங்கேயும் டாட் ஆயில் (கார், பைக்கின் பிரேக் ஆயில்) ஊற்ற விடாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தெறித்த ஒரு துளி பின் ரோட்டரில் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும், பிறகு தேய்த்தாலும் கழுவினாலும் பழையபடி வராது, புதுசு போடுவதுதான் வழி. சக்கரத்தைக் கழற்றி காரில் ஏற்றும்போது பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரை அழுத்தி பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

மருந்துவாழ்மலைக்குச் சைக்கிளில் போய், வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு, பிள்ளைத்தடம் குகையும் உச்சியிலிருந்து கடலும் பார்க்க ஏறுகிறவர்கள் நிறைய. நாலைந்து வண்டியை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துவிட்டுப் போனால், அடுத்த வண்டியின் பெடல் உங்கள் ரோட்டரை அழுத்திக்கொண்டிருக்கும். திரும்பி வந்து ஓட்டினால் சுற்றுக்கு ஒரு முறை 'சிங் சிங்' என்று உரசும். ரோட்டர் இல்லாத பக்கம் சாய்த்து, தனித்தனியாக விடுங்கள். பையில் ஒரு ஜோடி பேடும் ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கட்டும். பேடின் உரசும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டாலோ ரோட்டர் 1.5 மி.மீ. ஆகிவிட்டாலோ மலைக்குக் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.