கரப்பான் உள்ள பிள்ளைக்கு ‘வீட்டுத் தயாரிப்பு’ சன்ஸ்கிரீன் வாங்கி ஏமாந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

கோடை லீவில் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருப்பவர்கள், அதிலும் கரப்பான், எக்ஸிமா என்று தோல் தொந்தரவு உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள், இதை முழுதாகப் படியுங்கள். போன மாதம் என் ஆறு வயது மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அதே மாதிரி டப்பாவை அதே மாதிரி பேச்சோடு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா வந்துவிட்டது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்து, சொறிந்து சொறிந்து நீர் கசியும். சோப்பு மாற்றினால் வரும், புதுத் துணியைத் துவைக்காமல் போட்டால் வரும். எங்கள் அத்தை பழைய ஆள், “கரப்பான் பிள்ளைக்குக் கண்டதையும் தடவாதம்மா” என்று எப்போதும் சொல்வார். நானும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். இந்த வருஷம் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். காலை ஆறு மணி பேட்ச் நிரம்பிவிட்டது, பத்து மணி பேட்ச்தான் கிடைத்தது. திறந்தவெளிக் குளம், மதுரை வெயில், சித்திரை மாதம். சன்ஸ்கிரீன் இல்லாமல் இறக்க முடியாது.

முதலில் தெருமுனை மெடிக்கலில் கேட்டேன். அட்டையில் குழந்தைப் படம் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் ‘பர்ஃப்யூம்’ என்று இருந்தது. வாசனை போட்ட பேபி லோஷன் தடவி அவள் ஒரு ராத்திரி முழுக்க அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு போனில் தேடினேன், மறுநாளே அந்த வீடியோ என் கண்ணில் பட்டது.

ஒரு அம்மா, மடியில் கைக்குழந்தை. சின்ன டப்பாவிலிருந்து க்ரீமை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் தடவுகிறார். “என் பொண்ணுக்கும் எக்ஸிமா. எதுவுமே ஒத்துக்கல. அதனாலதான் நானே செஞ்சேன். ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது, பிறந்த குழந்தைக்கும் போடலாம், எஸ்பிஎஃப் 50.” எஸ்பிஎஃப் என்பது தோல் வெயிலில் வெந்து சிவக்காமல் க்ரீம் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண். ஆனால் நான் நம்பியது அவருடைய முதல் வரியை. நம்மைப் போலவே ராத்திரி விழித்திருந்த ஒரு அம்மா பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

வாட்ஸப்பில் எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். எக்ஸிமா, வாசனை ஒத்துக்கொள்ளாது, குளோரின் தண்ணீர், பத்து மணி வெயில். அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னார்: “அக்கா, கண்ண மூடிட்டு வாங்குங்க. உங்க பாப்பாவுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும். ஒரு டப்பா மூணு மாசம் வரும்.” டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே ஒரு லேபின் பெயர், கீழே முத்திரை. அதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். 50 கிராமுக்கு 650 ரூபாய், கூரியர் 60. அனுப்பிவிட்டேன்.

டப்பா அழகாகத்தான் இருந்தது. பழுப்பு நிற அட்டை, மேலே சணல் கயிறு. திறந்தால் வெளிர் மஞ்சளாக வெண்ணெய் மாதிரி ஒரு க்ரீம், லாவெண்டர் வாசனை குப்பென்று வந்தது. கேட்டேன். “அது வாசனை இல்லக்கா, செடியோட எண்ணெய்” என்றார். விரலால் தேய்த்துப் பார்த்தபோது நடுவில் மணல் போல வெள்ளைக் குருணைகள் உருண்டன. கையில் கலந்தது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் குருணைகள் என்ன என்பதை டாக்டர்தான் பிறகு சொன்னார்.

முதல் நாள் லேசாகச் சிவந்தது, வெயில் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் சட்டையைக் கழற்ற விடவில்லை. “தொடாதம்மா, எரியுது” என்றாள். இரண்டு தோளும் பின்கழுத்தும் வெந்த மாதிரி சிவந்து சூடாக இருந்தன. நீச்சல் உடையின் பட்டை இருந்த இடத்தில் வேறு மாதிரி, சின்னச் சின்னக் கொப்புளங்களாக, அரிப்போடு, பட்டையின் அகலத்துக்கு ஒரு கோடு. அன்று ராத்திரி ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து முதுகில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தோல் டாக்டர் முதலில் பார்த்தது அந்தப் பட்டைக் கோட்டைத்தான். “இங்க வெயில் படல. க்ரீம் மட்டும்தான் பட்டிருக்கு. அப்ப இது க்ரீமால வந்தது. தோள்ல இருக்கிறது வெயிலால வந்தது. அப்ப க்ரீம் வெயிலைத் தடுக்கல. ரெண்டும் தனித்தனி.” வெயிலிலிருந்து காப்பாற்றவும் இல்லை, அதுவாகவே தோலையும் கெடுத்திருக்கிறது. மிதமான ஸ்டீராய்டு க்ரீம் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார், குளம் இரண்டு வாரம் கிடையாது.

டப்பாவைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். லேபிளை வரிவரியாகப் படித்துச் சொன்னார். கேரட் விதை எண்ணெய், ராஸ்பெர்ரி விதை எண்ணெய் இரண்டிலும் இயற்கையாகவே பெரிய எஸ்பிஎஃப் இருப்பதாக ஒரு பேச்சு ரொம்ப நாளாக உலவுகிறது. அதை நம்பி வெயிலில் இறங்கக் கூடாது. எலுமிச்சை எண்ணெய் இன்னும் மோசம். பழத்தின் தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெயில், வெயிலோடு சேர்ந்தால் நம் தோலைச் சுடும் பொருட்கள் உண்டு. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்குக் கருந்திட்டு விழுவது அதனால்தான். லாவெண்டர் எண்ணெய் செடியிலிருந்து வந்தாலும் வாசனைப் பொருள்தான். காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை கிளப்புவது அதிகம். எக்ஸிமா உள்ள தோலில் மேலடுக்குப் பலவீனமாக இருப்பதால் எல்லாம் சுலபமாக உள்ளே போய்விடும். இவளுக்கு வந்தது ஒவ்வாமையா, வெறும் எரிச்சலா என்பதைப் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டி வைத்துப் பார்க்கும் சோதனை) செய்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

பட்டியலில் வெயிலைத் தடுக்கக்கூடிய ஒரே பொருள் ஜிங்க் ஆக்ஸைடு. அது நல்ல பொருள்தான், இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு டாக்டர்கள் முதலில் சொல்வதே ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு இரண்டையும்தான். ஆனால் அந்தப் பொடி க்ரீம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். வீட்டு மிக்சியிலோ கரண்டியிலோ கலந்தால் கட்டி கட்டியாக நிற்கும். நான் விரலில் உருட்டிய குருணைகள் அவைதான். குருணை விழுந்த இடத்தில் மறைப்பு உண்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் என் கையாலேயே அதைத் தேய்த்துவிட்டுப் பிள்ளையை வெயிலில் இறக்கியிருக்கிறேன்.

அப்புறம் அந்த 14 இலக்க எண். லேபிளில் ‘லைசென்ஸ் நம்பர்’ என்று போட்டு 14 இலக்கத்தில் ஒரு எண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அரசு அனுமதி உள்ள பொருள் என்று நினைத்தேன். அது எஃப்எஸ்எஸ்ஏஐ எண். அதாவது உணவுப் பொருள் விற்பதற்கான எண். ஊறுகாய்க்கும் சாம்பார் பொடிக்கும் வாங்குவது. சன்ஸ்கிரீன் நம் நாட்டில் அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. அதைத் தயாரித்து விற்க 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். லேபிளில் அந்தத் தயாரிப்பு உரிம எண், தயாரித்தவரின் முழு முகவரி, பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். என் டப்பாவில் முகவரியே இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும். ஜிஎஸ்டி எண், சிறுதொழில் பதிவுச் சான்று, ஐஎஸ்ஓ முத்திரை எதைக் காட்டினாலும் அவை இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

வீட்டுக்கு வந்து பிடிஎஃப்-ஐ முழுக்கப் படித்தேன். அமிலத்தன்மை எவ்வளவு, பாக்டீரியா இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்றுதான் சோதித்திருக்கிறார்கள். எஸ்பிஎஃப் என்ற சொல்லே மூன்று பக்கத்திலும் இல்லை. எஸ்பிஎஃப் சோதனை என்பது வழக்கமாக மனிதத் தோலில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் செய்வது. ஐஎஸ்ஓ 24444 என்பது அதற்கான சர்வதேசச் சோதனை முறை. ரிப்போர்ட் கேட்டால் அந்த எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 2 மில்லிகிராம் கணக்கை வைத்து ‘மூணு மாசம் வரும்’ என்ற பேச்சையும் போட்டுப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பு முழுக்கச் சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர். நீச்சல் உடைக்கு வெளியே பாதி என்று வைத்தாலும் ஒரு தடவைக்கு 8 கிராம் வேண்டும். 50 கிராம் டப்பா ஆறு தடவைக்குத்தான் வரும். பட்டாணி அளவு போதும் என்று சொல்லி விற்பவருக்கு எஸ்பிஎஃப் என்றால் என்னவென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

போட்டோக்களோடு அவருக்கு அனுப்பினேன். முதல் பதில் இது: “பயப்படாதீங்கக்கா, இவ்வளவு நாள் போட்ட கெமிக்கல் எல்லாம் வெளிய வருது. நிறுத்தாம ஒரு வாரம் போடுங்க.” இதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். கொப்புளம் வந்த பிள்ளைக்கு மேலும் மேலும் தடவச் சொல்கிறார். யாராவது நம்பித் தடவியிருந்தால்? தோல் அப்படி எதையும் ‘வெளியேற்றுவது’ இல்லை. எரிந்தால் கழுவுங்கள், நிறுத்துங்கள், டாக்டரிடம் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. பிள்ளைக்கு ஏற்கெனவே தோல் பிரச்சினை என்று நான் சொல்லவில்லையாம். நான் அனுப்பிய மெசேஜையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு பிளாக். வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதும் பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. அப்போதுதான் புரிந்தது, அங்கே எல்லாரும் ‘சூப்பர் சிஸ்’ என்று மட்டுமே எழுதியிருப்பது எப்படி என்று.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். தமிழிலேயே கேட்டுக்கொண்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் லேபிள் போட்டோவோடு தனியாக எழுதியிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது எரிச்சல் போய்விட்டது. தோளில் கருந்திட்டு இருக்கிறது, மறைய மாதக்கணக்காகலாம் என்றார் டாக்டர். பேட்ச் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு வாங்கியிருக்கிறோம். முழுக்கை நீச்சல் சட்டை போட்டு விடுகிறேன். துணி மூடும் இடத்துக்கு க்ரீமே வேண்டாம், மூடாத இடம் முகமும் கழுத்தும் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையும் காலும்தான். அதற்கு ஜிங்க் ஆக்ஸைடு உள்ள, வாசனை சேர்க்காத, உரிம எண் போட்ட ஒன்றை டாக்டர் எழுதித் தந்தார். ‘வாசனை தெரியாது’ என்று போட்டிருப்பதும் ‘வாசனை சேர்க்கவில்லை’ என்று போட்டிருப்பதும் வேறு வேறு. முதல் வகையில் ஒரு வாசனையை மறைக்க இன்னொன்று சேர்த்திருக்கலாம். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பார்க்கச் சொன்னார். நான் அதை முதல் டப்பாவுக்குச் செய்திருந்தால் அந்த க்ரீமை நம்பி வெயிலில் இறக்கியிருக்க மாட்டேன், தோளும் கழுத்தும் வெந்திருக்காது. இன்னொன்றும் சொன்னார், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நிழலில் வைத்துத் துணியால் மூடுவதுதான் முறை. ‘பிறந்த குழந்தைக்கும் போடலாம்’ என்று சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இதே மாதிரி டப்பா வாங்கி உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஆகியிருந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிச்ச க்ரீமோடு, லேபிள் கிழியாமல், ஒரு கவரில் போட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பணம் அனுப்பிய ரசீது, கூரியர் சீட்டு, மெசேஜ் எல்லாவற்றையும் பிளாக் செய்வதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் என்னிடம் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.